மனுப் போட்டவர் தூங்கினால் தொழிலாளியின் காசு போக வேண்டுமா?

கடனைக் கட்ட முடியாத ஒரு கம்பனியைக் கலைக்கும்படி யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். ஒரு தவணை, இரண்டு தவணை போகிறது. பிறகு மனுப் போட்டவரே வருவதில்லை. கோப்பு அலுமாரிக்குள் போய்விடுகிறது. வருடங்கள் ஓடுகின்றன. ஒருநாள் கம்பனியின் சட்டத்தரணி எழுந்து, "இத்தனை காலம் ஒன்றும் நடக்கவில்லை, இந்த மனு எங்கள் தலைக்கு மேல் தொங்குவது அநியாயம், இதைத் தள்ளிவிடுங்கள்" என்று கேட்கிறார். மனு தள்ளப்படுகிறது. கம்பனி கைவீசி வெளியே வருகிறது. அதே கம்பனியிடமிருந்து ஈ.பி.எப். காசும் சேர்விஸ் காசும் வரவேண்டியிருந்த தொழிலாளிக்கு, அப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது.

இது கொழும்புச் சட்டத்தரணிமாரின் விஷயம், கொழுந்து பறிக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒதுங்க முடியாது. இந்த மலையில் தோட்டங்களை நடத்துவது கம்பனிகள். கம்பனி பிறப்பதும் சாவதும் சட்டத்தின்படிதான். அது சாகும்போது யாருக்கு முதலில் காசு, யாருக்குக் கடைசியில் காசு, யாருக்கு ஒன்றுமே இல்லை என்பதையும் சட்டமே தீர்மானிக்கிறது. ஆகவே நமது சங்கத்தின் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம்: கலைப்பு வழக்கில் மனுதாரர் செய்த தாமதத்துக்காக முழு வழக்கையும் தூக்கி எறியக் கூடாது. தூங்கியவரை விலக்கிவிட்டு, விழித்திருப்பவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

கலைப்பு என்பது என்ன?

நமது நாட்டில் இதற்குரிய சட்டம் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். கடனைத் தீர்க்க முடியாத கம்பனியைக் கலைக்கும்படி கடன் கொடுத்த எவரும் கேட்கலாம். கலைப்புக் கட்டளை வந்தால் பணிப்பாளர்மாரின் அதிகாரம் போய், கலைப்பாளர் ஒருவர் பொறுப்பேற்கிறார். சொத்தை விற்று, சட்டம் சொல்லும் வரிசைப்படி கடன்காரருக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை.

அந்த வரிசையில் தொழிலாளிக்கு இடம் இருக்கிறது. ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேர்விஸ் காசு ஆகியவை முன்னுரிமைக் கடன்களாகச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வருகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கலைப்பாளரின் செலவு அதற்கு முன்னால் போகிறது. கம்பனியின் சொத்தை ஈடாக வாங்கி வைத்திருக்கும் வங்கி, அந்த ஈட்டை விற்றுத் தன் கடனைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவதில்தான் நமது முன்னுரிமை.

தோட்டக் கம்பனியில் மிஞ்சுவது எது? நிலம் கம்பனியின் சொத்து அல்ல. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றை நடத்தும் பொறுப்பு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. அவர்கள் கையில் இருப்பது 53 வருடக் குத்தகை. அதற்கு மேல் இருப்பது பெக்டரி இயந்திரம், லொறி, தேயிலைச் சரக்கு, மரம். இவை எல்லாம் காத்திருக்கும் சொத்துகள் அல்ல. ஒரு வருடம் கவாத்து வெட்டாமல், உரம் போடாமல் விட்டால் மலை காடாகிவிடும். இயந்திரம் துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போகும். மரம் இரவோடு இரவாக லொறி ஏறும். தாமதம் யாரைச் சாப்பிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எவ்வளவு காசு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா, மாதம் 25 பேர் என்று வைத்துக்கொண்டால் மாதச் சம்பளம் 33,750 ரூபா. ஈ.பி.எப்.புக்கு நம்மிடம் பிடிப்பது 100க்கு 8, தோட்டம் போட வேண்டியது 100க்கு 12. இரண்டும் சேர்ந்து மாதம் 6,750 ரூபா. ஈ.டி.எப். 100க்கு 3, அது 1,012 ரூபா 50 சதம். கம்பனி ஒரு வருடம் கட்டாமல் விட்டால் ஒரு தொழிலாளிக்கு மட்டும் 93,150 ரூபா. சேர்விஸ் காசு, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். 30 வருடம் உழைத்தவருக்கு 567,000 ரூபா. கணவனும் மனைவியும் அதே தோட்டத்தில் உழைத்திருந்தால் ஒரு லயக் காம்பராவின் கணக்கு பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும்.

இதில் அந்த 8 வீதம் கம்பனியின் காசே அல்ல. செக்ரோலில் நம் சம்பளத்திலிருந்து கழித்த காசு. அதைக் கழித்துவிட்டு மத்திய வங்கிக்கு அனுப்பாமல் வைத்திருப்பவரைக் கடன்காரர் என்று அழைப்பதே மரியாதை அதிகம்.

தாமத விதி எதற்காக வந்தது?

வழக்கைத் தாமதத்துக்காகத் தள்ளும் விதி கெட்ட விதி என்று நாம் சொல்லவில்லை. நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 402 ஆம் பிரிவின்படி, கடைசிக் கட்டளைக்குப் பிறகு 12 மாதத்துக்கு மேல் வழக்காளி ஒரு அடியும் எடுத்து வைக்காவிட்டால் வழக்கு அற்றுப்போனதாக நீதிமன்றம் கட்டளையிடலாம். இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1977 இல் பேர்க்கெட் எதிர் ஜேம்ஸ் வழக்கில், மிக நீண்ட, மன்னிக்க முடியாத தாமதம் இருந்து, அதனால் எதிராளிக்குப் பாரதூரமான பாதிப்பும் இருந்தால் வழக்கைத் தள்ளலாம் என்று வகுத்தது. இந்த எண்ணம் பொதுநலவாய நாடுகள் பலவற்றிலும் பரவியிருக்கிறது.

இரண்டு பேர் வேலித் தகராறுக்காக வழக்காடும்போது இது நியாயம். சாட்சி செத்துப்போவார், கண்டவருக்கு மறந்துபோகும், எதிராளி எத்தனை காலம் அலைவது? வழக்காளி தூங்கினால் நட்டம் வழக்காளிக்கு. தான் செய்ததைத் தானே அனுபவிக்கிறார்.

கம்பனிகள் தரப்பில் இன்னொரு வாதமும் இருக்கிறது. கலைப்பு மனு நிலுவையில் கிடக்கும் கம்பனிக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது, சரக்குக் கொடுப்பவர் முன்காசு கேட்பார், வாங்க வருபவர் பின்வாங்குவார், இதனால் தோட்டமே படுத்துவிடும், தொழிலாளியின் வேலையும் போகும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. மனு வருடக்கணக்கில் தொங்குவது நமக்கும் கேடுதான். ஆனால் அந்த வாதத்திலிருந்து வரும் முடிவு, வழக்கை வேகமாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதே. கடனைத் தீர்க்கக்கூடிய கம்பனி என்றால் கடனைத் தீர்த்துக் காட்டட்டும், மனு அன்றே விழுந்துவிடும். தீர்க்க முடியாத கம்பனி, காலம் போய்விட்டது என்ற காரணத்தால் மட்டும் தீர்க்கக்கூடிய கம்பனி ஆகிவிடுமா?

கலைப்பு ஏன் வேறு?

முதலாவது, கலைப்பு மனு மனுதாரருக்கு மட்டும் சொந்தமான வழக்கு அல்ல. மனுவைப் போடுபவர் ஒருவர், பயன் எல்லாக் கடன்காரருக்கும். ஊர்க் கோயில் உண்டியலின் சாவி ஒருவர் கையில் இருக்கலாம், அவர் சாவியைத் தொலைத்தார் என்பதற்காக உண்டியல் காசு திருடனுக்குச் சொந்தமாகாது.

இரண்டாவது, மனுதாரர் ஏன் தூங்குகிறார் என்று பாருங்கள். கடனை வசூலிக்க நெருக்குதல் கொடுப்பதற்காகவே கலைப்பு மனுப் போடும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. மனு வந்ததும் கம்பனி அந்த ஒருவரோடு தனியாகப் பேசி, தவணை முறையில் அவருக்கு மட்டும் காசு கொடுக்கத் தொடங்குகிறது. அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது, வழக்கில் அக்கறை போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. பிறகு, மனுதாரர் ஒன்றும் செய்யவில்லை என்று கம்பனியே முறையிடுகிறது. தூங்க வைத்தவரே, தூங்கிவிட்டார் என்று குற்றம் சாட்டுவது இது.

மூன்றாவது, சாட்சி மறந்துவிடும் என்ற பயம் இங்கே செல்லாது. ஈ.பி.எப். நிலுவை யாருடைய ஞாபகத்திலும் இல்லை, செக்ரோலிலும் சம்பளத் துண்டிலும் தொழில் திணைக்களக் கோப்பிலும் இருக்கிறது. பத்து வருடம் போனாலும் கணக்கு கணக்குத்தான்.

நான்காவது, மனு விழுந்தால் நாம் இழப்பது மனுவை மட்டும் அல்ல. கலைப்புக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் கம்பனி தன் சொந்தக்காரருக்கும் துணைக் கம்பனிக்கும் சொத்தை மாற்றியிருந்தால், அதைத் திருப்பி எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய மனு விழுந்து புதிய மனுப் போட்டால் அந்தக் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். இடைப்பட்ட வருடங்களில் கைமாறிய லொறியும் இயந்திரமும் காசும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

தனியாக வழக்குப் போடலாமே என்பார்கள். வழக்குத் தொடர்வதற்குக் கால எல்லை வைக்கும் கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டு எழுதப்பட்டது. அதில் எழுத்து மூலமான ஒப்பந்தக் கடனுக்கு 6 வருடம். தொழிலாளியின் கூலிக்கு 1 வருடம். கோப்பித் தோட்டக் காலத்தில் எழுதிய சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. கலைப்பில் தன் பங்கு வரும் என்று நம்பிக் காத்திருந்த தொழிலாளி, மனு தள்ளப்பட்ட பிறகு சம்பள நிலுவைக்கு வழக்குப் போகும்போது, உன் காலம் கடந்துவிட்டது என்று அதே கம்பனி சொல்லும். முன்னால் தாமதம் என்று தப்பியது, பின்னாலும் தாமதம் என்று தப்பும். அற்றுப்போன வழக்கை மீண்டும் எழுப்ப 403 ஆம் பிரிவில் இடம் உண்டு, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் அந்த வழக்காளி. தரப்பாகவே இல்லாத தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவது?

இந்தியத் தோட்டங்கள் கற்றுத் தரும் பாடம்

தாமதம் ஆளைக் கொல்லும் என்பதை மேற்கு வங்காளத்தின் டூவார்ஸ் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் பார்த்தார்கள். அங்கே டெக்லாபாரா என்ற தோட்டம் 2002 இல் மூடப்பட்டு, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கலைப்பாளர் பொறுப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. மூடிய தோட்டங்களின் பெண்கள் ஆற்றங்கரையில் கல் உடைத்துப் பிழைத்தார்கள். பசியாலும் நோயாலும் சாவுகள் விழுந்தன. கேரளத்தின் பீருமேட்டில் நம்மைப் போலவே தமிழ் பேசும், நம்மைப் போலவே லயத்தில் வாழும் மக்கள், 2000 ஆம் ஆண்டளவில் கம்பனி கைவிட்டுப்போன தோட்டங்களில் ஒழுகும் கூரையின் கீழ் சேர்விஸ் காசுக்காகக் காத்திருந்தார்கள்.

இந்தத் தொழிலாளருக்காகச் சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2006 இல் வழக்குப் போட்டது. 2010 இல் கட்டளை கிடைத்தது. கட்டளை நிறைவேறவில்லை என்று 2012 இல் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போனது. நிலுவையைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதியரசர் சப்ரே தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2023 இலும் உச்ச நீதிமன்றம், காசைக் கொடுங்கள் என்று கட்டளையிட வேண்டியிருந்தது. 17 வருடம். அந்த 17 வருடத்தில் தாமதம் என்று சொல்லி வழக்கைத் தள்ளியிருந்தால் அந்த மக்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அதே இந்தியாவிலிருந்து நல்ல பாடமும் இருக்கிறது. கம்பனிக் கலைப்பு வழக்கில் தொழிலாளி வாய் திறக்க முடியாது என்பதுதான் பழைய நிலை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேன்முறையீடாகப் போன தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்க வழக்கில், 1982 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நீதியரசர் பகவதி உள்ளிட்ட பெரும்பான்மையினர், கலைப்பு மனு விசாரணையில் ஆதரித்தோ எதிர்த்தோ பேசத் தொழிலாளருக்கு உரிமை உண்டு என்றார்கள். ஐந்து நீதியரசர்களில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். ஒரு வாக்கில் கிடைத்த உரிமை அது. 1985 இல் அங்கே கம்பனிச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளரின் நிலுவை ஈடு வைத்திருக்கும் வங்கியோடு சமமான இடத்துக்கு வந்தது. 2016 இன் வங்குரோத்துச் சட்டம், சேமலாப நிதியும் பணிக்கொடை நிதியும் கலைப்பாளர் பிரிக்கும் சொத்தில் சேராது என்று சொல்கிறது. எழுதிய சட்டம் எல்லாம் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுதியிருந்தால் காட்டிக் கேட்கலாம்.

யாருக்கு வேகம், யாருக்கு ஆமை நடை?

நமது நாட்டு நீதிமன்றங்களால் வேகமாக நடக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 மே மாதம் 1700 ரூபா நாட்சம்பள வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்துவிட்டது. இரண்டு மாதம்கூட முழுதாகப் போகவில்லை. மறுபக்கம், அரசு நடத்தும் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத் தோட்டங்களின் ஈ.பி.எப்., சேர்விஸ் காசு நிலுவை பாராளுமன்றத்தின் கோப் குழு வரைக்கும் போய் வருடக்கணக்காகப் பேசப்படுகிறது. காசு கொடுக்காமல் இருப்பதற்கு வேகம். காசு வாங்குவதற்கு ஆமை. அந்த ஆமை நடையையே காரணம் காட்டி உரிமையையும் பறிப்பது என்றால் அதை ஏற்க முடியாது.

நமது கோரிக்கைகள்

1. தொழிலாளருக்கு நிலுவை உள்ள எந்தக் கம்பனியின் கலைப்பு மனுவையும், தொழில் ஆணையாளருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அறிவிக்காமல் தாமதத்துக்காகத் தள்ளக் கூடாது. அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும்.

2. மனுதாரர் பின்வாங்கினால் அல்லது தூங்கினால், தொழில் ஆணையாளரையோ தொழிற்சங்கத்தையோ அவர் இடத்தில் நிறுத்த வேண்டும். மனுதாரர் வராவிட்டால் வேறொரு கடன்காரரை அந்த இடத்தில் நிறுத்தும் விதி இங்கிலாந்தில் இருக்கிறது. தாமத விதியை அங்கிருந்து எடுப்பவர்கள் இந்த விதியையும் எடுக்கட்டும்.

3. கலைப்பு மனுவுக்கு விசாரணைக் கால அட்டவணை வேண்டும். கலைப்பாளர் 6 மாதத்துக்கு ஒருமுறை, என்ன விற்றார், எவ்வளவு கையில் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தார் என்று தொழிலாளருக்குத் தமிழில் கணக்குக் காட்ட வேண்டும்.

4. ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேர்விஸ் காசு ஆகியவை கம்பனியின் சொத்தில் சேராதவை என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வங்கி ஈட்டுக்குப் பின்னால் நாம் நிற்க முடியாது.

5. கூலிக்கு 1 வருடம் என்ற 1871 ஆம் ஆண்டுக் கால எல்லை நீக்கப்பட வேண்டும்.

6. வேலைகொள்பவர் நொடித்துப்போகும்போது தொழிலாளரின் காசைக் காக்கும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 173 ஆம் இலக்கச் சமவாயம் 1992 இல் வந்தது. இலங்கை அதை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும்.

தொழில் திணைக்களத்துக்கும் ஒரு வார்த்தை. ஈ.பி.எப். கட்டாத தோட்டத்துக்கு எதிராக 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 38 ஆம் பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம் போல அறவிடும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. தாமதித்த காசுக்கு 100க்கு 50 வரை மேலதிகக் கட்டணம் போடவும் முடியும். கம்பனி படுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கலைப்புக் கட்டளை வந்துவிட்டால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தக் கம்பனிக்கு எதிராக வேறு நடவடிக்கை எடுக்க முடியாது. காசு இருக்கும்போது போகாமல், கதவு பூட்டிய பிறகு போய் என்ன பயன்?

நாம் செய்ய வேண்டியது

மற்றவரைத் தூங்காதே என்று சொல்லும் நாமும் தூங்கக் கூடாது. சம்பளத் துண்டுகளை எறியாமல் கட்டி வையுங்கள். ஈ.பி.எப். பீ கார்ட் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்றில் கடைசி மாதம் வரை காசு விழுந்திருக்கிறதா என்று படித்த பிள்ளைகளைக் கொண்டு பாருங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால், வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். ஓய்வு பெற்றபின் அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை பேர் நுவரெலியாவுக்கு பஸ் ஏறி இறங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வேலை விட்ட 30 நாளுக்குள் சேர்விஸ் காசு கிடைக்க வேண்டும் என்பது சட்டம். 31 ஆம் நாள் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ சொல்லுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

தோட்டத்தில் இயந்திரம் கழற்றப்படுகிறதா, மரம் அளவுக்கு மீறி வெட்டப்படுகிறதா, தோட்டத்துக்குப் புதிய பெயரில் கம்பனி வருகிறதா? திகதியோடு எழுதிக் கந்தப்பளைக் கிளைக்கு அனுப்புங்கள். நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில், தொழிலாளர் ஒன்றும் கேட்கவில்லை, காலம் கடந்துவிட்டது என்று யாராவது எழுந்து சொன்னால், கேட்டோம், இந்தத் திகதியில் கேட்டோம், எழுத்தில் கேட்டோம் என்று காட்டுவதற்கு அந்தக் கடதாசிகள் வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஈ.பி.எப். நிலுவைப் பட்டியலை இந்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டியல் கைக்கு வந்ததும் தொழில் ஆணையாளருக்கு மனுக் கொடுப்போம்.